பாலம்மா கடை திறக்கவில்லை

பாலம்மாவின் கடை மூடியிருந்தது.

விடிந்து வெயிலும் வந்துவிட்டது. பல்லேகல தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிற இளம் பிள்ளைகள் அவள் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் எதிரே என் கடைக்கு வந்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவள் விற்பதும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சோற்றுப் பார்சலும்தான், நான் விற்பதும் அதுதான். ஒரே ரோட்டில் எதிரெதிரே இரண்டு சாப்பாட்டுக் கடை, இரண்டு பொம்பளைகள். எலியும் பூனையும்கூட எங்களிடம் வந்து பாடம் படிக்கலாம். நாங்கள் முகம் கொடுத்துப் பேசிப் பல வருடம் ஆகிறது.

ஆனால் நான் கல்லில் ரொட்டி கருகுவதைக்கூடக் கவனிக்காமல் அந்த ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரடங்குக் காலத்தில் பின்கதவால் பார்சல் கொடுத்தவள் அவள். காய்ச்சலில் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு ரொட்டி தட்டினாள். சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்றும் காலை வியாபாரத்தை முடித்துவிட்டுத்தான் சேலை மாற்றினாள். அவள் மூடாததால் நானும் மூடுவதில்லை. நான் மூடாததால் அவளும் மூடுவதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஞாயிறு, பொங்கல், தலைவலி எதுவும் கிடையாது.

செத்தால்தான் மூடுவாள் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாழாய்ப்போன வாய்.

த்ரீவீல் ஓட்டுகிற யுகேஷ் அவள் நம்பருக்கு எடுத்துப் பார்த்தான். போன் அணைந்திருந்தது. அதற்கு மேல் அவன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளைத் துணியைக் கிழித்து அவள் கடைப் பக்கத்துக் கம்பத்தில் கொடி கட்டிவிட்டான். இங்கே எழவுக்கு வெள்ளைக் கொடிதான் முதல் சேதி. அதைப் பார்த்ததும் சலூன்காரர் பாட்டை நிறுத்தினார்.

ரோட்டில் ஒரு சாவு விழுந்தால் கடையை மூட வேண்டும். அதுதான் முறை. ஆகாதவர்களுக்கும் அதே முறைதான்.

நான் அடுப்பை அணைத்தேன். கட்டி வைத்திருந்த பார்சல்களை யுகேஷிடம் கொடுத்து, தொழிற்சாலை கேட்டில் கொடுத்துவிடச் சொன்னேன். ஷட்டரை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொண்டது. பகலில் இழுத்துப் பழக்கமில்லை. தொங்கி இழுத்து மூடினேன். எழவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று தேயிலைப் பொட்டலமும் சீனியும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

வழியெல்லாம் அழுதேன். இனி விடியற்காலையில் யார் கடையில் விளக்கு எரிகிறது என்று பார்த்து நான் என் கடையைத் திறப்பேன்?

அவள் வீட்டு வாசலில் கதிரைகள் இல்லை. பந்தல் இல்லை. மகள் துஷானி கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாங்க ஆன்ட்டி. அம்மா அசந்து தூங்குறாங்க."

உள்ளே பாலம்மா பாயில் கிடந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது.

கையிலிருந்த சீனியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. பட்டப்பகல். ஜன்னல் வெயில் அவள் காலில் விழுகிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. சின்னதாக ஒரு குறட்டை. எப்போதும் மாவிலோ கரண்டியிலோ இருக்கிற அந்தக் கைகள், ஒரு வேலையும் இல்லாமல் சிவனே என்று கிடக்கின்றன. ரோட்டின் எதிர்ப் பக்கமிருந்து நான் இத்தனை வருடம் பார்த்த நெற்றிச் சுருக்கத்தைக் காணோம்.

மூச்சு தானாக உள்ளே போகிறது, தானாக வெளியே வருகிறது. யாரும் ஊதவில்லை, யாரும் கிளறவில்லை. அதுபாட்டுக்கு நடக்கிறது. இதையா நாங்கள் இரண்டு பேரும் போட்டு இந்தப் பாடு படுத்தினோம்?

கோயிலில் திரை விலகும்போது நிற்கிற மாதிரி நின்றேன். கும்பிடக்கூடத் தோன்றியது. பார்சல் விற்கிறவளை யாராவது கும்பிடுவார்களா என்று கையை இறக்கிக்கொண்டேன்.

துஷானி காதருகே வந்து பேசினாள். கிளினிக்கில் பிரஷர் பார்த்தார்களாம். கெழமைக்கு ஒரு நாளாவது கடையை மூடிப் படுக்காவிட்டால் ஆள் தப்பாது என்று சொல்லிவிட்டார்களாம்.

நல்லதுதான் என்று தலையாட்டிவிட்டு நான் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மறு கையில் ஒரு பாயும் தலையணையும் இருந்தன.

"போன கெழமை சோத்துப் பானைய எறக்கயில தல சுத்தித் தூணப் புடிச்சிகிட்டு நின்னீங்களாமே. அம்மா அங்கருந்து பாத்துட்டாங்க. 'எனக்குச் சொல்ல டொக்டர் இருக்காரு, அவளுக்கு யாரு இருக்கா'ன்னாங்க. 'நான் மூடிக் கெடந்தா கடையப் போட்டுட்டு ஓடி வருவா, வந்தா விட்டுறாத, பாய விரிச்சுக் குடு'ன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாங்க."

நான் தூணைப் பிடித்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் வீட்டில்கூடத் தெரியாது.

துஷானி பாலம்மாவுக்குப் பக்கத்தில் பாயை விரித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மத்தியான வியாபாரம், ஊறப்போட்ட கடலை, வெட்டி வைத்த மீன் எல்லாம் தலைக்குள் ஓடின.

பாலம்மா என் பக்கமாகப் புரண்டாள். கண்ணைத் திறக்கவில்லை.

"கடையத்தான் மூடிட்டியே. படு."