ஓடாத படம்

“நீங்க யாரும்மா?”

கணவன் இப்படிக் கேட்டதும் அவள் குனிந்து அவனை உற்றுப் பார்த்தாள். தலையில் கட்டு, கையில் டிரிப்ஸ் ஊசி. முகம் மட்டும் அதே முகம்.

“உங்க பொண்டாட்டிங்க!”

“தப்பா நினைக்காதீங்க. ஒண்ணுமே ஞாபகம் வரலை.”

கதவோரம் அவளுடைய அண்ணன் உர்ரென்று நின்றான். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத அவனுடைய புதுக் காரைக் கேட்காமல் எடுத்துப்போய் மரத்தில் மோதியவன்தான் கட்டிலில் கிடந்தான்.

“உண்டு இல்லைன்னு பண்ணலாம்னு வந்தேன். தான் யாருன்னே தெரியாத மனுஷன்கிட்ட என்னத்தக் கேக்கிறது?” என்று பல்லைக் கடித்தான்.

“பழகின எதையாவது காட்டிப் பாருங்கம்மா,” என்றார் டாக்டர். “நினைவு திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்.”

அவள் போனில் அந்தப் படத்தைப் போட்டாள்.

வந்த வேகத்தில் பெட்டிக்குள் போன காமெடிப் படம். கல்யாணமான புதிதில் அவன் கூட்டிப்போனபோது அவளும் கொட்டாவிதான் விட்டாள். “ஹீரோவை விடு, மூலையைப் பாரு” என்று மறுபடி மறுபடி போட்டுக் காட்டியவன் அவன்தான். பார்க்கப் பார்க்க, மூலைக்கு மூலை சிரிப்பு கிடந்தது.

ஹோட்டல் காட்சி வந்தது. காதலி கைவிட்ட ஹீரோ முன்னால் உட்கார்ந்து குமுறுவான். கொஞ்சம் கழித்துப் பின்னால் ஒரு வாட்ச்மேன் வருவான். ஆளுயரக் கண்ணாடியில் தன்னையே பார்த்து யாரோ பெரிய மனுஷன் என்று சல்யூட் வைப்பான். எதிரிலிருந்தும் சல்யூட் வருகிறதே என்று மரியாதைக்கு இன்னொன்று வைப்பான். பாவம், காட்சி முடியும்வரை அவனால் நிறுத்த முடியாது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும் இடம் அது.

ஹீரோ அழ ஆரம்பித்தான். அவள் கணவன் முகத்தையே பார்த்தாள். இதற்கும் சிரிக்காவிட்டால், தன்னோடு வாழ்ந்த மனிதன் போயே போய்விட்டான்.

அவன் உதடு துடித்தது. கடித்துப் பார்த்தான், இருமிப் பார்த்தான், முடியவில்லை. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

அவள் சட்டென்று படத்தை நிறுத்தினாள்.

“சிரிச்சுட்டார்! நினைவு வந்துடுச்சா டாக்டர்?” அண்ணன் ஓடிவந்தான்.

“அப்படிச் சொல்ல முடியாது. புதுசா பாக்கிறவங்களும் சிரிப்பாங்க.”

“ஆமாங்க,” கணவன் அவசரமாகத் தலையாட்டினான். “கண்ணாடிக்கு சல்யூட் வெக்கிறாரே ஒரு வாட்ச்மேன், அவரைப் பாத்துதான் சிரிச்சேன். மத்தபடி இந்தப் படத்தை இப்பதான் முதல் தடவை பாக்கிறேன்.”

அவள் போனை மெதுவாக அண்ணன் பக்கம் திருப்பினாள்.

“என்னங்க, வாட்ச்மேன் இன்னும் வரவே இல்லையே!”