காரில் துப்பாக்கி: இலவச வகுப்பு

ஹார்லன் டாகெட் ஷெரீப் பதவிக்கு, அதாவது எங்கள் கவுண்டியின் போலீஸ் தலைவர் வேலைக்கு, நின்றார். செவ்வாய்க்கிழமை தேர்தல். டெக்சாஸில் எங்கள் ஊர் போன்ற ஊர்களில் அந்த வேலைக்கு மூளை வேண்டியதில்லை. பெரிய தொப்பி, பெரிய டிரக், பெரிய வாய் இருந்தால் போதும். மூன்றும் அவரிடம் தாராளமாக இருந்தன.

"அரசாங்கத்துலேருந்து எவனாவது என் துப்பாக்கியக் கேட்டு வரட்டும், அப்புறம் இருக்கு" என்று போகிற இடமெல்லாம் முழங்குவார். கூட்டம் விசிலடிக்கும்.

எதிர்த்து நின்றவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்மணி. அவரிடம் தோற்றுவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. ஹார்லனுக்கு ராத்தூக்கம் போனது இந்த ஒரு கவலையில்தான்.

சனிக்கிழமை காலை, பள்ளி உணவுக்கூடத்தில் அந்த வகுப்பு நடந்தது. காரில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்க வெளியூரிலிருந்து வெண்டல் ப்ரைஸ் என்பவர் வந்திருந்தார். ஓய்வு பெற்ற போலீஸ்காரராம். நரைத்த மீசை, நிதானமான பேச்சு. முப்பது ஆண்கள் கூடியிருந்தார்கள். முப்பது ஓட்டு ஆயிற்றே, ஹார்லன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்பதால் எல்லாருடைய துப்பாக்கியும் வெளியே அவரவர் டிரக்கில் இருந்தது. பாதிப் பேர் டிரக்கைப் பூட்டக்கூட இல்லை. பூட்டினால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவார்களாம். வீரம் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்!

"வயசு இருபத்தொண்ணு ஆகியிருக்கணும்" என்றார் வெண்டல். "வண்டி உங்களுதா இருக்கணும், இல்ல உங்க பொறுப்புல இருக்கணும். துப்பாக்கி வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா உறைக்குள்ள இருக்கணும்."

எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டிக்கொண்டே ஹார்லன் ஜன்னல் பக்கம் திரும்பினார். சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு பெண் அவருடைய டிரக்குக்குள் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏய்!" என்று அலறிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே முப்பது பேரும் ஓடினார்கள்.

முன் இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஹார்லனின் ரிவால்வர். கூட்டத்தைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"ஐயா, விட்டுருங்கய்யா. தெரியாமப் பண்ணிட்டேன்."

"வயசு என்ன?" என்று கேட்டார் வெண்டல்.

"பத்தொம்பது."

"பாத்தீங்களா? வயசு பத்தல. வண்டி இவளுது இல்ல. துப்பாக்கி பட்டப்பகல்ல கையில இருக்கு. இவ்வளவு நேரம் நான் சொன்ன அத்தனையும் மீறிட்டா!"

கூட்டம் கைதட்டியது. ஒரு சின்னப் பெண்ணை முப்பது தடியர்கள் பிடித்ததற்கு அவ்வளவு ஆரவாரம்.

ஹார்லனுக்குத் தலைகால் புரியவில்லை. தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் கடவுளே பார்த்து ஒரு திருடியை அனுப்பியிருக்கிறார்! உடனே உள்ளூர் வாரப் பத்திரிகை நடத்தும் மேவிஸை போனில் கூப்பிட்டார். "கேமராவத் தூக்கிட்டு ஓடி வா தாயி. செவ்வாக்கிழமை முதல் பக்கம் என்னோடது."

"உங்க கவுண்டி போலீஸ் வர ஒரு மணி நேரமாகும்" என்ற வெண்டல், "ஹைவேல ஸ்டேட் போலீஸ் இருக்காங்க, எனக்குப் பழக்கம்தான்" என்று தானே போன் செய்தார்.

மேவிஸ் வந்த சற்று நேரத்தில் போலீஸ் காரும் வந்தது. கஞ்சி போட்ட சீருடை, கறுப்புக் கண்ணாடி, கண்ணை மறைக்கும் தொப்பி. இறங்கிய அதிகாரி அந்தப் பெண்ணுக்கு விலங்கு மாட்டிப் பின் இருக்கையில் உட்கார வைத்தார்.

"எத்தன வண்டிக்குள்ள பூந்தா?"

யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப எல்லாத் துப்பாக்கியிலயும் கைரேகை எடுக்கணும். இல்லாட்டி வக்கீல் வந்து நாளைக்கே இவள வெளிய எடுத்துருவான். திங்கக்கிழமை எங்க ஆபீஸ்ல வந்து வாங்கிக்குங்க. ரசீது தரேன்."

முப்பது முகங்களும் இறுகின. "அரசாங்கத்துக்கிட்டயா குடுக்கிறது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அதிகாரி ஹார்லன் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சார் அடுத்த ஷெரீப்? நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அது போதாதா? ஹார்லன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரிவால்வரை நீட்டினார். மேவிஸ் படம் பிடித்தார். அதன்பின் மற்றவர்களும் பவ்வியமாக வரிசையில் வந்தார்கள். முப்பது பேரிடமும் சேர்த்து நாற்பத்தொரு கைத்துப்பாக்கிகள் தேறின. சாட்சி சொல்ல வெண்டலும் அதே காரில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் சர்ச்சில் போதகரே வந்து ஹார்லனின் கையைக் குலுக்கினார். ஊர் முழுக்க அதே பேச்சு. ஜெயித்துவிட்டதாகவே அவர் முடிவு கட்டிவிட்டார்.

திங்கட்கிழமை, துப்பாக்கியைத் திரும்ப வாங்கும்போதும் ஒரு படம் இருக்கட்டும் என்று மேவிஸையும் கூட்டிக்கொண்டு ஸ்டேட் போலீஸ் அலுவலகத்துக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் போலீஸ் ரசீதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அந்தப் பொண்ணு ரொம்ப அழுதாளா சார்?"

"தேம்பித் தேம்பி அழுதாம்மா" என்றார் ஹார்லன், மேவிஸின் காதிலும் விழட்டும் என்று உரக்க. "இந்த ஏமாத்து வேலையெல்லாம் என்கிட்டப் பலிக்குமா?"

"வகுப்பெடுத்தவர் அவ அப்பா, ரசீது குடுத்தவன் அவ அண்ணன். உங்களோட சேத்து நாலு ஊர் ஏமாந்திருக்கு சார், ஆனா பத்திரிகைக்காரங்களக் கையோட கூட்டிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."