கீழே வைத்த காபி

விருந்தாளி ஹம்தான் காபியைக் குடிக்காமல் கம்பளத்தில் வைத்தார். கேட்டு வந்தது கிடைத்தால்தான் குடிப்பேன் என்று அதற்கு அர்த்தம். திரைக்குப் பின்னால் ஃபித்தாவுக்கு மனசு குளிர்ந்தது.

"உன்னைத்தான்டி கேட்க வந்திருக்காரு!" என்று மகள் ஷமாவைக் கிள்ளினாள்.

"சும்மா இரும்மா. அண்ணன் முழிச்சிடப் போறான்."

மூலையில் மகன் ஃபவாஸ் காயக்கட்டோடு படுத்திருந்தான். நாட்டை ஆளும் அமீருக்கு எதிராக எழுந்த குலங்களை வெள்ளைக்காரனின் விமானங்கள் சிதறடித்துப் பத்து நாளாகிறது. அமீரின் ஆட்கள் அவனைக் கூடாரம் கூடாரமாகத் தேடினார்கள். இந்தச் சம்பந்தம் அமைந்தால், ஹம்தானின் மலைக்குகையில் அவனை ஒளித்து வைக்கலாம்.

"குடிங்க சம்பந்தி! கேட்டு வந்ததைக் கொடுத்துட்டேன்" என்றார் ஃபித்தாவின் கணவர் மின்வர்.

"என்னன்னு கேக்காமலேயா?"

"கேக்கணுமா? உங்க மகன் ராக்கான் இந்தக் கூடாரத்தை எத்தனை தடவை சுத்தி வந்தான்னு எனக்குத் தெரியாதா?"

ஹம்தான் சிரிக்கவில்லை.

"ராக்கான் அமீரோட சிறையில இருக்கான். நாளைக்குத் தூக்கு. ஃபவாஸை ஒப்படைச்சா விட்டுடறாங்களாம். நான் கேட்டு வந்தது உங்க பொண்ணை இல்ல, மின்வர்."

கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கியவர் மின்வரின் குலத்தில் யாரும் கிடையாது.

ஃபித்தா பதறித் திரும்பினாள். ஃபவாஸ் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"விடும்மா" என்றான் அவன் மெதுவாக. "அவருக்குக் காபி ஆறுது."