ஓங்கிய கம்பு

2016 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை, குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில், சூசைமரியானின் ஒரே வலை கடலில் அறுபட்டுப் போனது தெரியவந்தது. பெர்க்மான்ஸின் வள்ளம் வேண்டுமென்றே அதன்மேல் ஓடியது என்று நம்பிய அவன், பெர்க்மான்ஸின் கையை முறித்துவிடச் சிலம்பக் கம்போடு கரைக்குப் போனான். பெர்க்மான்ஸும் கம்பை எடுத்தான். இருவரும் ஒரே களத்தில் சிலம்பம் பழகியவர்கள். பழக்கத்தில் சூசைமரியான் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டான். பெர்க்மான்ஸும் கும்பிட்டான். கும்பிட்டபின் எதிராளி சம்மதிக்காமல் முதல் வீச்சு வீசக்கூடாது என்பது அந்தக் களத்தின் முறை.

“லேய், வீசட்டா?”

பெர்க்மான்ஸ் சம்மதம் தரவில்லை. சூசைமரியான் ஓங்கிய கம்பு அப்படியே நின்றது.

“சொல்லித் தொலைல. கை கடுக்குது.”

“அடிக்க மட்டும் சம்மதம் கேக்குற. வலையப் பத்திக் கேட்டியால?”

சூசைமரியான் கடலைப் பார்த்தான், கம்பைப் பார்த்தான்.

“எதுக்குல அறுத்த?”

“வெளக்கு கட்டாம வலை போட்டா, இருட்டுல எனக்கு எப்படில தெரியும்?”

வலையில் கட்டிய விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததை சூசைமரியான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கம்பை வீசவும் முடியவில்லை, இறக்கவும் மனம் வரவில்லை.

மதியம் இருவரும் பெர்க்மான்ஸின் வள்ளத்தில் வலையைத் தேடிப் போனார்கள். பாதி கிடைத்தது.