கைலிக்குள் இருந்த கால்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் சூசை முதலில் கைலியை இழுத்து இடது காலை மூடிக்கொள்வான். பிறகுதான் எடுத்துப் பேசுவான். படகு மோதி முறிந்த கால் அது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள்.

"நல்லா இருக்கீங்களா?" என்பாள் நர்ஸ்.

"நல்லா இருக்கேன் சிஸ்டர்." யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்ல வேண்டும்.

"புண்ணுல சீழ் ஏதும் வடியுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

வடியுது என்றால் வரச் சொல்வார்கள். அப்படிப் போன பக்கத்துத் தெரு லாசர் ஒற்றைக் காலோடுதான் திரும்பினான். மனைவி ரீத்தம்மாள் காலைத் துடைத்துவிடும்போதெல்லாம் சூசை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அவன் போனில் பேசி முடிக்கும்வரை அவள் கைலிக்கு மேலே விசிறியை ஆட்டிக்கொண்டே இருப்பாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போட்டுவந்த சாம்பிராணியை இப்போது தினமும் போடுகிறாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

இன்று போனில் வேறொரு நர்ஸ். நலம் விசாரிக்கவில்லை.

"கால் மூடியிருக்கா, தெறந்திருக்கா?"

சூசை கைலியைப் பார்த்தான். "மூடித்தான் இருக்கு."

"துணிய எடுங்கண்ணே. காலப் பாத்துக்கிட்டே பதில் சொல்லுங்க."

முழங்கால்வரை கைலியைச் சுருட்டினான். தையல் ஓரம் ஈரமாக மினுங்கியது. ஓர் ஈ வந்து அதன்மேல் உட்கார்ந்தது. காலை ஆட்டிப் பார்த்தான், அது போகவில்லை.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

அவன் போனை ரீத்தம்மாளிடம் நீட்டினான்.

"நீ சொல்லு."

அவள் விசிறியைக் கீழே வைத்தாள்.