லேட் மேடம்

ஒரே ஒரு ஊரிலே ஒரு கல்லூரி. அங்கே ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஆனால் பிரின்சிபல் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் வகுப்புக் கதவைச் சாத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஆப்சென்ட்.

சட்டம் மாணவிகளுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. காலை முதல் வகுப்பு எடுக்கும் கணக்கு மேடம் தினமும் தாமதமாகத்தான் வந்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மாணவிகள் ஒருநாள் பிரின்சிபல் அறைக்கே போய்விட்டார்கள். முன்னால் நின்றவள் ரெட்டை. இரட்டைப் பிள்ளைகளுக்கு அம்மா என்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர்.

"பெல் அடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு வர்றாங்க தெரியுமா சார்? பாடம் பாதிகூட முடியலை."

"நீ ஒழுங்கா வர்றியா?"

"குழந்தைகள் காப்பகம் திறந்ததும் ரெண்டையும் உள்ளே தள்ளிட்டு, தலைகூட வாராம ஓடி வர்றேன் சார். இன்னும் ஒரு ஆப்சென்ட் விழுந்தா எனக்குப் பரீட்சையே கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நானே அடிச்சுப் பிடிச்சு வந்து உக்காந்துடறேன். அவங்களுக்கு என்ன? பிள்ளையா குட்டியா?"

பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கணக்கு மேடத்தைக் கூப்பிட்டு விட்டார் பிரின்சிபல்.

"என்ன சொல்றீங்க இதுக்கு?"

"தப்புதான் சார்." மேடம் ரெட்டையைப் பார்த்தார். "நிஜமாவே நான் சீக்கிரம் வரணுமாம்மா?"

"பின்னே? கேக்கறதைப் பாரு!" என்று முணுமுணுத்தாள் ரெட்டை.

"நாளையிலேருந்து பெல் அடிக்கும்போது நீங்க வகுப்புல இருக்கணும். இல்லேன்னா மெமோதான்" என்று முடித்துவிட்டார் பிரின்சிபல்.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்பிய ரெட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்டில் காவலுக்கு நிற்கும் அக்காவிடம் சொன்னாள்.

"அக்கா, நாளைக்குப் பாருங்க, எங்க லேட் மேடம் பெல்லுக்கு டாண்ணு வருவாங்க. மாட்டிவிட்டுட்டோம்ல!"

அக்காவின் முகம் மாறியது.

"அடிப்பாவி! யாருடி லேட்டு? நான் கேட்டைத் திறக்கும்போதே அவங்க வந்துடுவாங்க. அந்த மரத்தடியில நின்னுக்கிட்டு தெருமுனையையே பாத்துக்கிட்டிருப்பாங்க."

"யாரை?"

"உன்னைத்தான். நீ ஓடி வந்து படியேறினதுக்கு அப்புறம்தான் அவங்க வகுப்புக்கே கிளம்புவாங்க."

ரெட்டை காப்பகம் இருக்கும் திசையை ஒருதரம் பார்த்தாள். பிறகு திரும்பி, பிரின்சிபல் அறையை நோக்கி நடந்தாள்.