எண்ணிக்கை குறையாத வீடு

பல் மருத்துவமனையில் இருபது வருடமாகப் பார்த்த வேலையை அவள் விட்டது கணவரின் பண்ணை ஆசைக்காகத்தான். பண்ணை வீட்டுக்குக் குடிவந்த வாரமே அவர் பன்னிரண்டு கோழிகள் வாங்கிவந்து கூடு அடித்தார். தீனி போடுவதும் கூடு கழுவுவதும் அவள் தலையில் விழுந்தன.

முதல் மாதம் ஒரு கோழியைக் கீரி கடித்துப் போட்டது. அவளே குழி தோண்டிப் புதைத்தாள். சாயங்காலம் கூட்டை அடைக்கும்போது எண்ணினாள், பன்னிரண்டு இருந்தன. அப்புறம் சீக்கு வந்து இரண்டு செத்தன. அன்றைக்கும் பன்னிரண்டு.

"ராசியான இடம்டி இது. எது போனாலும் குறைய மாட்டேங்குது," என்று அவர் பூரித்துப்போனார்.

"செத்தது எதுன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"கணக்கு சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலையில், "அக்கா வீட்டுக்குப் போறேன். இனி வர மாட்டேன்," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அவர் தடுக்கவில்லை.

பத்து நாளாகியும் அவர் கூப்பிடவில்லை. மனசு கேட்காமல் அவளே அக்காவின் போனில் கூப்பிட்டாள்.

"சொல்லுங்கக்கா," என்றார்.

"நான்தாங்க பேசறேன்."

"அவகிட்ட பேசணுமா? கோழிக்குத் தீனி போட்டுட்டிருக்கா. இருங்க, கூப்பிடறேன்."

அவருக்குப் பின்னால், முற்றத்திலிருந்து, ஒரு பெண் "பா... பா..." என்று கோழிகளை அழைப்பது கேட்டது. அது அவளுடைய சொந்தக் குரலேதான். சலிப்பு மட்டும் அதில் இல்லை.